ஒரே உலையில் வேகாத மகிழ்ச்சி நிலைக்காது

மகிழ்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோழர்களில் பலருக்கு எரிச்சல் வருகிறது. நியாயமான எரிச்சல்தான். மலக்குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறோம். ஆணவக் கொலை வழக்குகளுக்காக நீதிமன்றப் படியேறும் குடும்பங்களோடு நிற்கிறோம். இந்த நேரத்தில் ஒருவர் வந்து "விசுவாசத்தில் நிலையான மகிழ்ச்சி உண்டு" என்று பேசினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் கிறித்தவக் குடும்பங்களில் பிறந்த தலித் மாணவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. "எங்க அம்மா வாரம் முழுக்கக் கூலி வேலை பாக்குறாங்க. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வரும்போது அவங்க முகத்துல ஒரு சந்தோசம் இருக்கு. அது பொய்யா?" இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளை அம்மாவைக் கேலி செய்யவில்லை. தனக்கு அந்த மகிழ்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறது. அதற்கு நாம் நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

கைவசம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று கூட்டப் பந்தலில் இருந்து வருகிறது: இந்த உலகத்துப் பாடுகள் கொஞ்ச காலம்தான், பொறுத்துக்கொள், அக்கரையில் எல்லாம் சரியாகும். இன்னொன்று நம் தோழர்களிடம் இருந்து வருகிறது: மதம் அபின், அம்மா மயக்கத்தில் இருக்கிறாள். அபின் என்று எழுதிய மார்க்சே அதே பத்தியில் மதத்தைத் துன்பத்துக்கு எதிரான எதிர்ப்பாகவும் பார்த்தார் என்பதை இவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பதில்களும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. மகிழ்ச்சி என்றால் வலியை மறப்பது என்று இரண்டுமே நம்புகின்றன. ஒன்று மறக்கச் சொல்கிறது, மற்றது மறக்காதே என்கிறது.

நாங்கள் சொல்வது வேறு. அந்த அம்மாவின் மகிழ்ச்சி பொய் கிடையாது. அது மறதியும் கிடையாது. ஆனால் அது நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனையை நம் திருச்சபைகள் நூற்றாண்டுகளாக ஏமாற்றி வருகின்றன. சோறு வேகிற உலை எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நிபந்தனை. இதை நாங்கள் கற்பனையில் இருந்து சொல்லவில்லை. பழனி மலையிலும் அதன் அடிவாரத்து மாவட்டங்களிலும் நடந்த கதையே இதற்குச் சாட்சி.

ஆகஸ்ட் 10, ஆகஸ்ட் 15

ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கொடைக்கானல் சலேத் மாதா கோயில் திருவிழா. 1860களில் பிரெஞ்சு சேசு சபையினர் கட்டிய கோயில் அது. மலைமேல் உள்ள ஊர்களில் இருந்தும், கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம், திண்டுக்கல் பக்கமிருந்தும் சனம் வந்து சேரும். உருளைக்கிழங்கு தோண்டுகிறவர்கள், பூண்டு உரிக்கிறவர்கள், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்கள், விடுதிகளில் அறை கூட்டிப் பெருக்குகிறவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சுற்றுலா வந்தவர்கள் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த ஊரை நடத்துகிற கைகள் சுத்தமான துணி உடுத்திக்கொண்டு மாதா முன்னால் நிற்கின்றன.

அதற்கு ஐந்து நாள் முன்னால், ஆகஸ்ட் 10 அன்று, தலித் கிறித்தவர்கள் நாடு முழுவதும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறார்கள். 1950இல் அந்தத் தேதியில்தான் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்று சொன்னது. 1956இல் சீக்கியர்களுக்கும், 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை மூடியே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறித்தவர் ஆனால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். ஊர் அவரை அதே தெருவில்தான் வைத்திருக்கிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைக்கிற ஊரில் அதே தனிக் குவளைதான் அவருக்கும். சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் சூசை வழக்கைப் படித்திருப்பீர்கள். சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஆதிதிராவிடர் அவர். 1982இல் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலைத் தைத்தவர்களுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறித்தவர். 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லையாம். அவர் உட்கார்ந்திருந்த நடைபாதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஆக, நம் மக்களின் விசுவாசத்துக்கு விலை உண்டு. கல்லூரி இடம், உதவித்தொகை, அரசு வேலை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு என்று அந்த விலை நீள்கிறது. அதனால்தான் பள்ளியில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்கிறவர்கள் நம் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றதை வாய்விட்டுச் சொல்ல முடியாத மகிழ்ச்சி அது. அவர்களைப் போலி என்று ஏசுவது சுலபம். ஒரு மனிதரைத் தன் கடவுளின் பெயரைச் சொல்லவிடாமல் செய்கிற சட்டத்தை ஏசுவதுதான் நம் வேலை.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரை செய்தது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்கு உரிமை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வளவுக்கும் பிறகு மூன்றாவது பத்தி அப்படியேதான் இருக்கிறது.

இப்படி விலை கொடுத்த மக்கள்தான் ஐந்து நாள் கழித்து மலையேறித் திருவிழா கொண்டாடுகிறார்கள். யாருக்கு விழா எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 1846இல் பிரான்சு நாட்டு மலைக்கிராமம் ஒன்றில், மாடு மேய்த்த இரண்டு ஏழைப் பிள்ளைகள் ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டிருந்தாள் என்பது அவர்கள் சாட்சி. அவள்தான் சலேத் மாதா. அழுகிற தாய்க்கு நம் மக்கள் திருவிழா எடுக்கிறார்கள். கண்ணீரை மறைத்துவிட்டுச் சிரிக்கச் சொல்லாத ஒரு மகிழ்ச்சி அங்கே இருக்கிறது. மாணவர்கள் கேட்கும் அம்மாவின் முகத்தில் தெரிவதும் அதுதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

மலையேறியவர்களும் தூக்கியவர்களும்

கொடைக்கானல் என்கிற ஊரே கிறித்தவ ஊழியத்தின் வழியாக உருவானது. மதுரைச் சீமையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள், உயிர்பிழைக்கக் குளிர்ந்த இடம் தேடி 1845இல் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஏரி வந்தது 1863இல். சுமார் 7000 அடி உயரம். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் போகும் மலைச்சாலை திறக்கப்படும் வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து மலைப்பாதை ஏறித்தான் போக வேண்டும். துரைமாரும் துரைசாணிமாரும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து போனார்கள். கூலியாட்களின் தோள்கள் அவர்களைச் சுமந்தன. கட்டியவர்களின் பெயர்கள் பங்களாக்களோடும் சாலைகளோடும் நிலைத்துவிட்டன. தூக்கியவர்களின் பெயரில் அங்கே ஒரு தெருகூட இல்லை.

இதே அமெரிக்க மதுரை மிஷன், முதல் பங்களா கட்டி இரண்டே ஆண்டில், 1847இல், வேறொரு காரியமும் செய்தது. சாதியைக் கைவிடாதவர் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவெடுத்தது. வாயால் விட்டேன் என்று சொன்னால் போதாது. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எந்தச் சாதியார் சமைத்தாலும் சாப்பிட வேண்டும். அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். உபதேசியார்கள் உட்படப் பலர் மறுத்தார்கள். அவர்கள் சபையில் இருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த வரலாற்றை நாம் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். பல காலம் வேதம் படித்து, பிரசங்கம் செய்து, ஜெபம் நடத்திய மனிதர்கள் ஒரு கவளம் சோற்றுக்கு முன்னால் தோற்றுப்போனார்கள். அவர்களுடைய சாதி கோட்பாட்டில் இருக்கவில்லை, தொண்டையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வகையில் அந்த மிஷனரிகள் சரியான இடத்தில் கை வைத்தார்கள்.

இன்னொரு கண்ணாலும் பாருங்கள். அந்தச் சோற்றைச் சமைத்தவரிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா? ஒடுக்கப்பட்டவர் கைச்சோறு மற்றவர்களின் விசுவாசத்தை அளந்து பார்க்கிற தேர்வுத்தாள் ஆனது. தேர்வு வைத்தவர் வெள்ளைக்காரர். எழுதியவர் சாதிக் கிறித்தவர். சமைத்தவர் அடுப்படியில் நின்றார். தன் கைச்சோற்றைக் கண்டு ஒருவர் முகத்தைத் திருப்புவதை அவர் நின்று பார்த்திருக்க வேண்டும். விருந்துக்கு அன்பு என்று பெயர் வைத்தார்கள். சமைத்தவருக்கு அதில் என்ன மகிழ்ச்சி இருந்திருக்கும்?

சோத்துக்கு மாறியவர்கள்

மேலிருந்து போட்ட சட்டம் சாதியை ஒழிக்கவில்லை. ஆனாலும் அடுத்த பல பத்தாண்டுகளில் நம் மக்கள் தெருத்தெருவாகச் சபையில் சேர்ந்தார்கள். பறையர் குடும்பங்களும் அருந்ததியர் குடும்பங்களும் ஊரோடு சேர்ந்து முடிவெடுத்து வந்தார்கள். இன்றைக்கும் அவர்களைச் "சோத்துக்கு மதம் மாறினவங்க" என்று ஏளனம் செய்கிறார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி கிடைத்தது உண்மை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது உண்மை. பசித்தவர் சோற்றைத் தேடிப் போனதில் என்ன கேவலம்? சோறு இருந்தும் பக்கத்தில் உட்கார விடாதவர்தான் வெட்கப்பட வேண்டும்.

அவர்கள் கண்ட மகிழ்ச்சியைச் சின்னதாக நினைக்காதீர்கள். தன் பிள்ளை சிலேட்டில் தன் பெயரை எழுதிப் பார்த்த மகிழ்ச்சி அது. கடவுளுக்கு முன்னால் வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்த மகிழ்ச்சி. ஊர்ச்சாவுக்குப் பறை அடிக்க வரமாட்டேன் என்று முதல்முறை வாய்திறந்து சொன்ன மகிழ்ச்சி. ஏசு என்கிறவர் மாட்டுக்கொட்டிலில் பிறந்து, ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவர் என்று கேட்டபோது, சேரியில் இருந்தவர்களுக்கு அது வேற்றூர்க் கதையாகத் தெரியவில்லை. ஊருக்கு வெளியே என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மகிழ்ச்சி எங்கே உடைந்தது? வெளியே இருந்த சாதி இந்துவால் மட்டும் உடையவில்லை. கோயிலுக்குள்ளேயே உடைந்தது. தஞ்சை வட்டாரச் சபைகளில் தனித்தனி இருக்கை, நற்கருணை வாங்குவதில் சாதி வரிசை என்று இருந்ததை நிறுத்தச் சொல்லி 1833இல் ஆயர் டேனியல் வில்சன் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் கலக்காமல் உட்காரக் கோயிலையே இரண்டாகப் பிரித்துக் கட்டினார்கள். அந்தத் தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கிறித்தவர்கள் சம மரியாதையும் தனிப் பங்கும் கேட்டதற்காக 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் முன்னேற்றத்துக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டார்கள், சரி. கல்லறைச் சுவரை இடிக்க அறிக்கை போதாது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம் பதினோராம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அந்தச் சபையில் வசதியானவர்கள் முன்னாடியே வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்து வரும் ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். அதற்கப்புறம் எல்லாரும் சேர்ந்து திருவிருந்து கொண்டாடுகிறார்களாம். நீங்கள் சாப்பிடுவது ஆண்டவருடைய விருந்தே இல்லை என்று பவுல் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அப்பம் சரியாக இருந்தது, ஜெபம் சரியாக இருந்தது, பந்தி சரியில்லை. பந்தி சரியில்லாததால் விருந்தே செல்லாது. சாதிச் சபைகளுக்கு எதிராக நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவர்கள் மேசையிலேயே அந்தத் தீர்ப்பு இருக்கிறது.

மதுரையில் வைத்த உலை

1847இல் தேர்வுத்தாளாக இருந்த சோற்றைத் திருப்பிப் போட்ட ஒரு மனிதரைப் பற்றி இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பறட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர். 2005இல் மறைந்தார். அதே மதுரை மண்ணில்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்த அன்பின் விருந்துச் சோதனை நடந்தது.

அப்பாவு சாதிக் கிறித்தவர்களிடம் போய் எங்களோடு சாப்பிடுங்கள் என்று கெஞ்சவில்லை. அவர்களுக்குத் தேர்வும் வைக்கவில்லை. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் திருவிருந்தின் பொருள் என்று எடுத்துச் சொன்னார். கிராமத்தில் ஒரே உலை என்றால் ஒரே குடும்பம். உலை பிரிந்தால் உறவு பிரிந்தது. இது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த அரிச்சுவடி. அதை அவர் இறையியலாக்கினார். உலை வைக்கிறவர்கள் நாம், உட்காரப் பிரியப்பட்டவர்கள் வரலாம் என்று அழைக்கிற இடத்துக்கு ஒடுக்கப்பட்டவரைக் கொண்டுவந்தார். அடுப்படியில் நிறுத்தப்பட்டவர் விருந்து வைக்கிறவர் ஆனார்.

பாட்டிலும் அதையே செய்தார். மேட்டுக்குடி கர்நாடக இசைக் கீர்த்தனையும் வெள்ளைக்காரப் பாமாலையும் ஆண்ட கோயில்களுக்குள் கிராமத்து மெட்டையும் பேச்சுத் தமிழையும் பறையையும் கொண்டுவந்தார். கிறித்தவர்களான நம் முன்னோர்கள் பறையைக் கீழே போட்டது ஒரு விடுதலை. ஊர் கட்டாயப்படுத்திய இழிதொழிலை மறுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே பறையைத் தங்கள் விருப்பத்தோடு கையில் எடுத்தது இன்னொரு விடுதலை. பழனி மலை அடிவாரத்துத் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடித்து ஆடுகிறார்கள். பெண் தொடக் கூடாது, நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கருவி அது. ஒரு கத்தோலிக்கக் கன்னியர் அந்தப் பெண்கள் கையில் அதைக் கொடுத்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் மகிழ்ச்சியும் போராட்டமும் வேறு வேறு என்று சொல்ல மாட்டார்கள்.

எது நிலைக்கிறது?

மகிழ்ச்சி ஒரு மன உணர்ச்சி என்றால் அது நிலைக்காது. பசி வந்தால் போகும், பல்வலி வந்தால் போகும். கொடைக்கானலில் தியான இல்லங்களுக்குக் குறைவில்லை. மூன்று நாள் மௌனமாக இருந்துவிட்டு மனநிறைவோடு இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். உழைத்துக் களைத்தவர்களுக்கு மௌனம் வேண்டும். ஆனால் அந்த மூன்று நாளும் சமைத்துப் போட்டவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று பார்க்காமல் இறங்கினால், மலையேறிய மிஷனரி தோளைப் பார்க்காததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட மனநிறைவு மலையோடு தங்கிவிடும், ஊருக்கு வராது.

நிலைக்கிற மகிழ்ச்சியை ஒருவர் தனியாக வைத்திருக்க முடியாது. நான் சோர்ந்துபோன நாளில் அதை எனக்காக இன்னொருவர் வைத்திருக்க வேண்டும். அதற்கு அந்த இன்னொருவர் என்னோடு சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சி பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. அதை எழுதியபோது அவர் சிறையில் இருந்தார். சிறைக்கு உதவி அனுப்பிய ஒரு சபை வெளியே இருந்தது. அந்த உறவு இல்லையென்றால் அந்தக் கடிதமே இல்லை.

அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். கால் வலியோடு மாலையில் கோயில்களில் கூடிப் பாடினார்கள். அந்தப் பாட்டு வலியை மறக்கவைத்தால் அடுத்த நாள் பேருந்தில் ஏறியிருப்பார்கள். அது அடுத்த நாளும் நடக்கவைத்தது. மயக்குகிற மகிழ்ச்சிக்கும் நிலைக்கிற மகிழ்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த நாள் காலையில் தெரிந்துவிடும்.

அம்பேத்கரியத் தோழர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். பாபாசாகேப் கிறித்தவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையே, 1956இல் நாகபுரியில் பௌத்தம்தானே ஏற்றார்? உண்மை. மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி எழுதியபோது, கிறித்தவரான தீண்டப்படாதவர்கள் சாதியில் இருந்து விடுபடவில்லை என்றும், தங்களுக்கு நடக்கும் அநீதிக்கு எதிராக அவர்கள் சமூகமாக எழவில்லை என்றும் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனம் கிறித்தவத் தலித்துகளாகிய நமக்கு இன்னும் கடனாக நிற்கிறது. யாரும் மதம் மாற வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை. பௌத்தத்தில், பகுத்தறிவில், இயக்கத்தில் தங்கள் மகிழ்ச்சியைக் கண்ட தோழர்கள் நம்மோடு ஒரே உலையில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஏசுவை விட்டுவிட்டு வந்தால்தான் நீ போராளி என்று ஒரு தலித் கிறித்தவப் பிள்ளையிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பாட்டி வாசலில் இருந்து உள்ளே நடந்த நடைதான் அந்த வீட்டின் முதல் போராட்டம்.

பந்தியைப் பாருங்கள்

ஆகவே அந்த மாணவர்களுக்கு எங்கள் பதில்: அம்மாவின் மகிழ்ச்சி உங்களுக்கும் உரியது. அதை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். அதே நேரத்தில் அதை அம்மா தனியாகச் சுமக்கவும் விடாதீர்கள். அதற்குக் காவலாக நில்லுங்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போங்கள். சப்பரம் எந்தத் தெருவில் திரும்புகிறது, நம் தெரு முனை வரை வந்துவிட்டு ஏன் திரும்புகிறது என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல் என்று எண்ணிப் பாருங்கள். பங்குப் பேரவையில், சபைக் கமிட்டியில், பாடகர் குழுவில், பீடப் பணியாளர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். மறைமாவட்டக் கல்லூரியில் நமக்குரிய இடங்கள் நிரம்பியதா என்று எழுதிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அசனத்துக்கு உட்காரும்போது பந்தியைப் பாருங்கள். அரிசி யார் கொடுத்தது, உலை யார் வைத்தது, யார் பரிமாறுகிறார்கள், யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, யார் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு சபையில் மகிழ்ச்சி எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதை அதன் அசனம் சொல்லிவிடும்.

பந்தி ஒன்றாக இல்லையென்றால், அது ஆண்டவருடைய விருந்து இல்லை என்று எழுந்து சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தெருவிலும் ஒரு உலை வைத்து, எல்லாச் சாதியாரையும் பெயர் சொல்லி அழையுங்கள். வருகிறவர்கள் வரட்டும். வராதவர்களுக்காக உலை காத்திருக்க வேண்டாம், இருக்கிற பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

அடுத்த ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடியோடு தெருவுக்கு வாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று அம்மாவோடு மலையேறுங்கள். இரண்டுக்கும் அதே ஆட்கள் போவதில் எந்த முரண்பாடும் இல்லை. அவர்கள் அப்படித்தான் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்திருக்கிறார்கள்.

ஜெய் பீம்!